மரக்காணம் உப்பளம், கழுவெளிப் பக்கம் பறவை பார்க்கப் போறீங்களா? வேட்டை சீசனில் தெரிந்திருக்க வேண்டியவை

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் 'வேட்டைக்காலம்' என்றால் அதற்கு அரசே தேதி குறித்திருக்கும். எந்த நாளில் தொடங்கும், எந்த விலங்கை, எந்த ஆயுதத்தால் சுடலாம் என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் அந்தத் தேதியைப் பார்த்து உஷாராகிவிடுவார்கள்.

நம்ம ஊரில் அப்படி ஒரு தேதியே கிடையாது. காரணம் எளிது: இந்தியாவில் வனவிலங்கு வேட்டையே குற்றம். ஆனால் தேதி இல்லை என்பதால் சீசனும் இல்லை என்று ஆகிவிடுமா? விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் உப்பளங்களுக்கும் கழுவெளி நீர்ப்பரப்புக்கும் நடுவே வாழ்பவர்களைக் கேட்டால் தெரியும். மழை பெய்து ஏரி நிரம்பி, வலசைப் பறவைகள் வந்து இறங்கினால், பின்னாலேயே கள்ள வேட்டையும் வரும். அறிவிப்பு இல்லாத சீசன் என்பதால்தான் இது கூடுதல் ஆபத்து. எங்கே, எப்போது, யார் துப்பாக்கியோடு இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வார இறுதியில் கேமராவோடு இந்தப் பக்கம் வரும் இளைஞர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். இது அவர்களுக்கும், அங்கேயே தினமும் வேலை செய்பவர்களுக்குமான கையேடு.

எந்த இடம்? ஏன் இவ்வளவு பறவைகள்?

கழுவெளி ஒரு உவர்நீர்ப் பரப்பு. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வார்கள். வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்து கிடக்கும் இது, உப்புக்கல்லி ஓடை வழியாகக் கடலோடு இணைகிறது. அந்த ஓடையை ஒட்டித்தான் மரக்காணம் உப்பளங்கள் இருக்கின்றன. மேற்கே நன்னீர், கிழக்கே உப்புநீர், நடுவில் இரண்டும் கலந்த சேறு. இந்த ஒரே இடத்தில் மூன்று விதமான இரை கிடைப்பதால்தான் பறவைகள் இங்கே வருகின்றன.

மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், உள்ளான் வகைகள், உப்புக்கொத்திகள், பூநாரை, கூழைக்கடா என்று பட்டியல் நீளும். 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்பை தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. திருப்பூர் நஞ்சராயன் சரணாலயமும் மத்தியப் பிரதேசத்தின் தவா நீர்த்தேக்கமும் அப்போது கூடவே சேர்க்கப்பட்டன.

ஏரி மட்டும் இல்லை, காடும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, குரும்புரம் காப்புக்காடு ஆகியவை இந்தக் கடற்கரையில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகள். முயல், நரி, உடும்பு, கவுதாரி எல்லாம் இருப்பதால் வேட்டைக்காரர்களின் கண் இந்தப் பக்கமும் உண்டு.

எது 'சீசன்'?

அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்று வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழையில் கழுவெளி நிரம்புகிறது. அதே மழையால் உப்பளங்களில் வேலை நின்றுபோகிறது. வருடத்தின் மற்ற மாதங்களில் விடியற்காலையிலேயே ஆட்கள் நிறைந்திருக்கும் பாத்திகளும் வரப்புகளும் அக்டோபருக்குப் பிறகு வெறிச்சோடிவிடும். பறவை நிறைய, ஆள் நடமாட்டம் குறைவு. கள்ள வேட்டைக்கு இதைவிட வசதியான நேரம் வேறு இல்லை.

இன்னொரு விஷயம். தீபாவளி, கார்த்திகை, புத்தாண்டு எல்லாமே இந்த மாதங்களில்தான் வருகின்றன. துப்பாக்கிச் சத்தம் பட்டாசுச் சத்தத்தோடு கலந்துபோகும். பயிரைக் காக்க விவசாயிகள் வெடி போட்டு விரட்டுவதும் உண்டு. அதனால் "யாரோ பட்டாசு வெடிக்கிறாங்க" என்று சும்மா நடந்துகொண்டே இருப்பவர்கள்தான் அதிகம்.

ஒரு நாளில் எந்த நேரம் ஆபத்து? விடியலுக்கு முன்னும் பின்னும், மாலை மங்கும் நேரம், அப்புறம் நள்ளிரவு. முதல் இரண்டும் பறவைகள் இறங்கும், கிளம்பும் நேரங்கள். நள்ளிரவு என்பது நெற்றியில் பேட்டரி லைட் கட்டிக்கொண்டு முயல் தேடும் நேரம். முதல் இரண்டு நேரங்களும் பறவை பார்ப்பவர்களுக்கும் பிடித்த நேரங்கள் என்பதுதான் சிக்கல்.

உண்மையில் யாருக்கு ஆபத்து அதிகம்?

கேமராக்காரர்கள் வாரத்துக்கு ஒருநாள் வந்துபோகிறவர்கள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள், மீனவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்கும் பெண்கள், விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயிகள் ஆகியோர் தினமும் அங்கே இருப்பவர்கள். கோரைப்புல்லுக்கு நடுவே அசையும் ஒரு தலை, மங்கிய வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பறவையாகவோ முயலாகவோ தெரியலாம். உலகம் முழுக்க வேட்டை விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம் இதுதான்: எதைச் சுடுகிறோம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடுவது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏரியில் கையில் வலையோ கூடையோ வைத்திருக்கும் எல்லோரும் வேட்டைக்காரர்கள் இல்லை. இறால், மீன், நண்டு பிடிப்பது அவர்களின் பரம்பரைப் பிழைப்பு. நரிக்குறவர், இருளர் என்று சமூகத்தின் பெயரைப் பார்த்துச் சந்தேகப்படுவது தவறு மட்டுமில்லை, பாதுகாப்புக்கும் உதவாது. அந்த ஏரியில் எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் நேற்று ராத்திரி வெளிச்சம் தெரிந்தது என்று சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

நான்கு ஆபத்துகள்: ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

1. துப்பாக்கி

கள்ள வேட்டையில் பொதுவாகப் புழங்குவது நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தும் பால்ரஸ் குண்டுகளும் திணித்து வெடிக்கும் வகை. பட்டறையில் செய்தது என்பதால் குண்டு எங்கே போகும் என்று சுடுபவனுக்கே தெரியாது. சில சமயம் குழலே வெடித்துச் சுட்டவனின் கையைப் பதம் பார்க்கும். அடுத்தது ஏர்கன். குறைந்த ஆற்றல் உள்ள ஏர்கன்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் "விளையாட்டுச் சாமான்தானே" என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சின்னக் குண்டு நூறு மீட்டருக்கு அப்பாலும் ஒருவரின் கண்ணைப் பறித்துவிடும்.

கழுவெளியின் நிலஅமைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது. மலை இல்லை, மேடு இல்லை, மரமும் குறைவு. மேட்டுப்பாங்கான இடத்தில் குறி தப்பிய குண்டு மண்ணில் புதைந்துவிடும். இங்கே அதைத் தடுக்க எதுவுமே இல்லை. தாழ்வாகச் சுட்டால் குண்டு தண்ணீரில் பட்டு, சிறுவர்கள் எறியும் ஓட்டாஞ்சில்லு மாதிரி எகிறி வேறு திசையில் போகவும் வாய்ப்புண்டு.

தவறிய குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாடு மறக்கக்கூடாத உதாரணம் ஒன்று இருக்கிறது. அது வேட்டை இல்லை, பயிற்சி. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், துப்பாக்கி சுடுதளத்திலிருந்து வெகுதூரம் வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அந்தச் சிறுவன் இறந்துபோனான். அங்கே பயன்பட்டது சக்திவாய்ந்த ஆயுதம். நாட்டுத் துப்பாக்கி அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் சத்தம் தூரத்தில் கேட்கிறது என்பதால் ஆபத்தும் தூரத்தில் இருக்கிறது என்று நம்பக்கூடாது என்பதற்கு இது போதும்.

2. வலை, கண்ணி, மருந்து

மெல்லிய நைலான் வலையைக் குச்சிகளில் கட்டி, பறவைகள் தாழப் பறக்கும் வழியில் விரித்துவைப்பார்கள். விடியல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. சேற்றில் நடப்பவர் கால் சிக்கி விழுந்தால் எழுவது கஷ்டம். காட்டுப் பக்கம் பைக் கிளட்ச் ஒயரில் செய்த சுருக்குக் கண்ணிகள் இருக்கலாம். நாயைக் கூட்டிப்போனால் முதலில் மாட்டுவது அதுதான்.

இதைவிட மோசம் மருந்து. நெல்லிலோ மீனிலோ வயலுக்குப் போடும் குருணை மருந்தைக் கலந்து வைத்தால், தின்ற பறவைகள் அங்கேயே சாய்ந்துவிடும். கார்போஃபியூரான் போன்ற குருணை மருந்துகள் மனித நரம்பு மண்டலத்தையும் தாக்கக்கூடியவை. ஒரே இடத்தில் பல பறவைகள் காயமில்லாமல் செத்துக் கிடந்தால் விஷமாக இருக்கலாம், பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டிலுமே விதி ஒன்றுதான்: கையால் தொடாதீர்கள்.

3. மின்வேலி

மரக்காணம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் தர்பூசணி, மணிலா, நெல், சவுக்கு எல்லாம் உண்டு. பயிரைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்காகச் சிலர் கட்டுக்கம்பியில் நேரடியாகக் கரண்ட் கொடுத்து விடுகிறார்கள். இறைச்சிக்காகவே இப்படி வைப்பவர்களும் இருக்கிறார்கள். முழங்கால் உயரத்துக்கும் கீழே, சின்னக் குச்சிகளில் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி. ராத்திரியில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படியொரு சட்டவிரோத வேலியில் 3 யானைகள் ஒரே இரவில் இறந்தன. யானையையே சாய்க்கும் கரண்ட் மனிதரை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் வருடாவருடம் வயலுக்குப் போன மனிதர்களும் இதில் சாகிறார்கள்.

முறையான சோலார் வேலிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சோலார் வேலி விட்டுவிட்டு நொடிப்பொழுது மட்டுமே அதிர்ச்சி தரும். தொட்டால் சுரீர் என்று தள்ளிவிடும். வீட்டு கரண்ட் அப்படி இல்லை, ஆளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 2023-ல் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகளையே கொண்டுவந்தது. ஆனால் வரப்பில் நிற்கும் உங்களுக்கு எது எந்த வேலி என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாக் கம்பியையும் கரண்ட் கம்பியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

4. அவுட்டுக்காய்

பன்றி வெடி, அவுட்டுக்காய், நாட்டு வெடி என்று ஊருக்கு ஒரு பெயர். கடித்தால் வெடிக்கும் மருந்தை உருண்டையாகக் கட்டி, மேலே கொழுப்பு, கறி, பழம் என எதையாவது தடவி வைப்பது. இலங்கையில் இதே மாதிரிப் பொறியை 'ஹக்கப்பட்டாஸ்' என்பார்கள். யானைகள் வாய் சிதைந்து பட்டினியில் சாகின்றன. அங்கே விலங்கு கம்பியைத் தட்டினால் தானாகச் சுடும் 'கட்டுத்துவக்கு' வேறு. அதில் மனிதர்கள் அடிபடும் செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன.

2020 மே மாதம் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று வெடி வைத்த காயைக் கடித்து ஆற்றில் நின்றபடியே இறந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த மாதமே திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே 6 வயதுச் சிறுவன் ஒருவன், மீன் பிடிக்க வாங்கி வைத்திருந்த நாட்டு வெடியைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்து உயிரிழந்தான். குழந்தைகளோடு காட்டோரம் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தரையில் கிடக்கும் நூல் சுற்றிய உருண்டை எதையும் தொடவோ, காலால் தள்ளவோ, கல் எறிந்து பார்க்கவோ கூடாது.

கிளம்புவதற்கு முன்

விடியலுக்கு முன் நடக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் மரக்காணத்தில் சூரியன் உதிக்க ஏறத்தாழ காலை 6.30 ஆகும். நன்றாக வெளிச்சம் வரும் வரை சாலையோரத்திலேயே நிற்கலாம். ஈ.சி.ஆர். சாலையிலிருந்தே உப்பளத்தில் நல்ல காட்சிகள் கிடைக்கும்.

நிறம் முக்கியம். பறவை பார்ப்பவர்களுக்குப் பச்சை, பழுப்பு, ராணுவ டிசைன் உடைதான் பிடிக்கும். வேட்டை நடக்கும் இடத்தில் அதுவே எமன். கனடாவின் ஒன்டாரியோவில் மான் வேட்டைக்காலத்தில் துப்பாக்கி வேட்டைக்காரர்கள் உடலின் மேற்பகுதியில் குறைந்தது 400 சதுர அங்குலம் பளிச் ஆரஞ்சு நிறமும், தலையில் ஆரஞ்சுத் தொப்பியும் அணிவது கட்டாயம். ஒருவர் இன்னொருவரை விலங்கு என்று நினைத்துச் சுட்டுவிடக்கூடாது என்பதற்காக. இங்கே அந்த விதி இல்லை. ஆனால் சாலைப் பணியாளர்கள் போடும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போதும். நடக்கும்போது போட்டுக்கொண்டு, உட்கார்ந்த பிறகு கழற்றிக்கொள்ளலாம். பறவைகளைப் பெரும்பாலும் விரட்டுவது நிறத்தைவிட திடீர் அசைவுதான். மெதுவாக நகர்ந்தால் ஜாக்கெட்டோடும் படம் எடுக்கலாம். வெள்ளை, சாம்பல் நிறத் தொப்பி வேண்டாம். கோரைக்கு மேலே அது கொக்கு மாதிரித் தெரியும்.

தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிடுங்கள். ஏரியின் உள்பகுதிகளில் சிக்னல் விட்டுவிட்டு வரலாம் என்பதால் கிளம்பும் முன்பே மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்வது நல்லது.

அனுமதி கேளுங்கள். சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. படம் எடுப்பது, ஆய்வு, சுற்றுலா ஆகியவற்றுக்கு அனுமதி தரச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. உப்பளம் என்பது ஒருவரின் தொழிலிடம். காவலாளியிடமோ மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை. "அண்ணே, இந்தப் பக்கம் ராத்திரி யாராச்சும் வர்றாங்களா?" என்ற ஒரு கேள்வியில் எந்த ஆப்பும் தராத தகவல் கிடைக்கும்.

வரப்பை விட்டு இறங்காதீர்கள். வலை, கம்பி, வெடி மூன்றுமே வழக்கமான பாதையை விட்டு விலகிய இடங்களில்தான் இருக்கும்.

வெடிச் சத்தம் கேட்டால்?

பறவைக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பினால் மட்டும் பதற வேண்டாம். பருந்து வந்தாலும் அப்படித்தான் எழும்பும். எழும்பியதோடு 'டமால்' என்று ஒரு சத்தமும் சேர்ந்தால் உஷார்.

முதலில் குனிந்து மறையத் தோன்றும். அது தப்பு. கோரையில் குனிந்து அசையும் உருவத்தைத்தான் விலங்கு என்று நினைப்பார்கள். நிமிர்ந்து நின்று, சத்தமாகக் குரல் கொடுங்கள். "ஆள் இருக்கு! சுடாதீங்க!" என்று கத்துங்கள். விசில் இருந்தால் ஊதுங்கள். இருட்டாக இருந்தால் டார்ச்சை எரியவிட்டபடி, தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டே திரும்புங்கள். குண்டு உங்கள் பக்கம் தொடர்ந்து வருகிறது என்று தெரிந்தால் மட்டும் வரப்புக்குப் பின்னால் படுத்துக்கொள்ளுங்கள்.

அவர்களைத் தேடிப் போகாதீர்கள். எதிர்த்துப் பேசுவது, பைக்கை மறிப்பது, முகத்துக்கு நேராக வீடியோ எடுப்பது எதுவும் வேண்டாம். மாட்டினால் ஜெயில் என்று தெரிந்த ஒருவன் கையில் துப்பாக்கி இருக்கிறது. வந்த வழியே வெளியேறி, பாதுகாப்பான இடம் வந்தபிறகு 112-ஐ அழையுங்கள்.

யாராவது அடிபட்டால்?

குண்டுக் காயம் என்றால்: சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்துங்கள். அழுத்தியதை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்; துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று வையுங்கள். குண்டை நோண்டி எடுக்க முயலாதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐ அழைத்து, அருகிலுள்ள ஊர் பெயரோடு எந்தச் சாலையில் நிற்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். முதலுதவிக்கு மரக்காணம் அரசு மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர், முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன.

"போலீஸ் கேஸ், சேர்த்துக்க மாட்டாங்க" என்ற பயம் பலருக்கு உண்டு. அவசர சிகிச்சையை எந்த மருத்துவமனையும் சட்டச் சம்பிரதாயங்களுக்காகத் தாமதிக்கக்கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலில் சிகிச்சை, பிறகுதான் விசாரணை.

மின்வேலியில் சிக்கியிருந்தால்: ஓடிப்போய்க் கையைப் பிடிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாவது உயிர் போவது இப்படித்தான். ஈரமான வயலில் தரையிலேயே கரண்ட் பரவியிருக்கலாம். காலில் சுரீர் என்றால் இரண்டு கால்களையும் ஒட்டிவைத்து, சின்னச்சின்னதாக நகர்ந்து பின்வாங்குங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இணைப்பைத் துண்டித்தது உறுதியான பிறகே தொட வேண்டும். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவே வேகமாக, ஆழமாக அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் இல்லை. விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பொறி வைத்துப் பிடிப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டுவது, பறவையின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான்.

2022-ல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டை என்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, கூடவே குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கழுவெளி சரணாலயம் என்பதால் அங்கே ஒரு நாமக்கோழியைச் சுட்டாலும் இந்தக் கடுமையான பிரிவுதான். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பது ஆயுதச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம்.

"காட்டுப்பன்றியைச் சுடலாம்னு கவர்மென்ட்டே சொல்லிடுச்சே?" என்று கேட்கலாம். 2025 ஜனவரியில் வந்த அரசாணை அப்படிச் சொல்லவில்லை. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.-க்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதுவும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர்கள் மட்டும். விவசாயியோ அவருடைய நண்பரோ துப்பாக்கி எடுக்க அதில் இடமில்லை.

புகார் கொடுப்பது எப்படி?

பார்த்த நேரம், இடம், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் திசையில் போனார்கள் என்பதை போனில் உடனே குறித்துக்கொள்ளுங்கள். வலையோ கண்ணியோ கண்டால் தூரத்திலிருந்தே லொகேஷனோடு படம் எடுங்கள். அவசரம் என்றால் 112. மற்றபடி மாவட்ட வன அலுவலகத்துக்கோ அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ சொல்லலாம். வலையில் உயிரோடு பறவை சிக்கியிருந்தாலும் முதலில் அழைப்பு, பிறகுதான் கத்தரிக்கோல். வலை விரித்தவன் பக்கத்திலேயே இருக்கலாம். தவிர, அந்த வலை வழக்குக்கான சாட்சி.

சமூக வலைதளத்தில் உடனே போட்டுவிடாதீர்கள். ஆட்கள் தப்பிக்க அது உதவும். அரிய பறவையின் துல்லியமான இடத்தை ரீல்ஸில் டேக் செய்வதும் வேட்டைக்காரனுக்கு வழி காட்டுவது மாதிரிதான். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாங்க ஆள் இருக்கும் வரை

பாதுகாப்பு ஜாக்கெட்டும் விசிலும் தற்காப்பு மட்டுமே. துப்பாக்கி ஏன் ஏரிக்கு வருகிறது என்றால், அந்தக் கறிக்கு விலை கொடுக்க ஆள் இருப்பதால். "சார், காட்டு அயிட்டம் இருக்கு" என்று சாலையோரத்தில் ரகசியமாகச் சொல்லும்போது தலையாட்டும் ஒவ்வொருவரும் அந்தத் துப்பாக்கிக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தக் கறியை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், வயிற்றை யோசியுங்கள்: அந்தக் கொக்கு ஈயக் குண்டில் செத்ததா, குருணை மருந்தில் செத்ததா என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? காடை சாப்பிட ஆசை என்றால் பண்ணைக் காடை தாராளமாகக் கிடைக்கிறது.

ஊர் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில், ஏரியில் இறங்கிப் பறவைகளைச் சுட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் மீது ஊர்மக்கள் புகார் சொல்ல, 1790-களில் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தார். 1858-ல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றைக்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் அது என்னவென்று யாருக்கும் சந்தேகம் வராது.

கழுவெளி சரணாலயமாகிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. காவலுக்கு இருக்கும் வனப் பணியாளர்கள் 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பை ராத்திரி பகலாகப் பார்க்க முடியாது. இறால் தடவுகிறவர், உப்பளக் காவலாளி, ஆடு மேய்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருகிறவர் ஆகிய எல்லோரிடமும் ஒரே எண் இருந்து, எல்லோரும் அழைக்கத் தயாராக இருந்தால், துப்பாக்கி எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்குபவனுக்குத்தான் முதலில் பயம் வரும். இந்தப் பக்கம் போகும் திட்டம் இருந்தால், கிளம்பும் முன் 112, 108, மின்னகம் மூன்றையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் வனச்சரக அலுவலகத்தின் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.